நூற்றுப் பதினேழாவது குழாய்

மேலூர் சாலையில் ஒத்தக்கடையைத் தாண்டியதும் வரும் அறக்கட்டளை மருத்துவமனையில், மூன்றாவது மாடியில் இருந்த ஆய்வகத்தில் ஹம்சவேணி ஆறு வருடமாக வேலை பார்த்தாள். வயது முப்பத்திரண்டு. வீடு காமராஜர் சாலைக்குப் பின்னால் ஒரு சந்தில். வீட்டில் அம்மா, தங்கை எல்லோரும் சௌராஷ்டிர மொழியில்தான் பேசிக்கொள்வார்கள். அவளுக்குக் கைசுத்தம் அதிகம் என்று ஆய்வகத்தில் பெயர். ஒரு சொட்டு கூடாமல் குறையாமல் எடுப்பாள்.

அவள் வேலை இரத்தத்தில் டி செல்களைத் தேடுவது. உடம்புக்குள் நுழையும் கிருமியை அடையாளம் கண்டு சண்டைக்கு ஆள் திரட்டுகிற வெள்ளை அணுக்கள் அவை. ஆனால் மைக்ரோஸ்கோப்பில் பார்த்தால் பக்கத்திலிருக்கும் மற்ற அணுக்களைப் போலவேதான் உருண்டையாக இருக்கும். மேலே இருக்கும் அடையாளங்களை வைத்துத்தான் பிரிக்க வேண்டும். அதற்கென்றே தயாரான ஆன்டிபாடி என்ற புரதங்கள் சின்னச் சின்னக் குப்பிகளில் வரும். ஒரே செல்லின் வம்சத்திலிருந்து எடுப்பதால் ஒரு குப்பியில் இருப்பதெல்லாம் ஒரே அச்சு. ஒரு குப்பியில் உள்ளது சிடி3 என்ற அடையாளத்தில் மட்டும் ஒட்டும், இன்னொன்று சிடி4-இல், மற்றொன்று சிடி8-இல். ஒவ்வொன்றோடும் ஒரு நிறச் சாயத்தைக் கோத்திருப்பார்கள். இரத்தத்தோடு கலந்து அரை மணி நேரம் இருட்டில் வைத்து, பிறகு இயந்திரத்தில் ஓட்டினால், செல்கள் ஒவ்வொன்றாக லேசர் ஒளியைக் கடக்கும். சாயம் ஒட்டியது ஒளிரும். திரையில் புள்ளிப் புள்ளியாகக் கூட்டம் சேரும்.

அந்த வருடம் டாக்டர் இன்பசேகரன் தலைமையில், பிறந்த குழந்தைகளின் டி செல்களைப் பற்றி ஓர் ஆய்வு நடந்துகொண்டிருந்தது. இருநூறு குழந்தைகள். கீழே பிரசவம் ஆனதும் தொப்புள்கொடி இரத்தம் ஒரு குழாயில் மேலே வந்துவிடும். குழந்தையின் பெயர் இருக்காது, எண் மட்டும். தாய்மார்களிடம் கையெழுத்து வாங்குவதும் தகவல் சேர்ப்பதும் ஜெனிஷா என்ற நர்ஸின் பொறுப்பு.

ஜூன் மாதம் ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் நூற்றுப் பதினேழாவது குழாய் வந்தது. அன்றைக்கு மொத்தம் ஐந்து குழாய்கள். ஹம்சவேணி ஆன்டிபாடிக் கலவையை ஒவ்வொன்றிலும் இட்டுக்கொண்டிருக்கும்போது அம்மாவிடமிருந்து போன். மறுநாள் தங்கையைப் பெண் பார்க்க வருகிறார்கள், வெள்ளித் தட்டுகளை எங்கே வைத்தாய் என்று. காதுக்கும் தோளுக்கும் நடுவில் போனை இடுக்கிக்கொண்டு பதில் சொல்லியபடியே வேலையைத் தொடர்ந்தாள்.

நாலேகாலுக்கு இயந்திரத்தில் ஓட்டினாள். நான்கு குழாய்கள் சரியாக வந்தன. ஐந்தாவதாக ஓட்டிய நூற்றுப் பதினேழில், டி செல்கள் கூட்டமாகத் தெரிய வேண்டிய இடம் வெறுமையாக இருந்தது. அதே இரத்தத்தில் பி செல்கள் என்ற இன்னொரு வகை வெள்ளை அணுக்களுக்காகத் தனியாக வைத்த குழாயில் புள்ளிகள் நன்றாக விழுந்திருந்தன. ஆக, இரத்தத்தில் குறையில்லை. போன் பேசிய நேரத்தில் இந்த ஒரு குழாய்க்குக் கலவை போட மறந்துவிட்டோம் என்றுதான் அவளுக்குத் தோன்றியது. டி செல்லே இல்லாமல் ஒரு குழந்தை பிறக்க முடியும் என்று படித்திருக்கிறாள். படித்ததோடு சரி, ஆறு வருடத்தில் ஒன்றைக்கூடப் பார்த்ததில்லை.

மிச்சம் இரத்தம் அரை மில்லி இருந்தது. திரும்பச் செய்திருக்கலாம். ஆனால் அதற்கு இன்னொரு முறை கலவை எடுக்க வேண்டும். எடுக்கும் ஒவ்வொரு அளவையும் பதிவேட்டில் எழுத வேண்டும். போன மாதம்தான் ஒரு குப்பியை ஃபிரிட்ஜுக்கு வெளியே வைத்துவிட்டுப் போய், சனி ஞாயிறு முழுக்கக் கிடந்து வீணாகி, கூட்டத்தில் எல்லார் முன்னாலும் இன்பசேகரன் கேட்ட கேள்விகளுக்குப் பதில் சொல்ல முடியாமல் நின்றிருந்தாள். மருத்துவமனை வேன் ஐந்து மணிக்குக் கிளம்பிவிடும். அவள் பதிவேட்டில் 117-க்கு நேராக, ‘இரத்தம் உறைந்துவிட்டது, சோதனைக்கு ஆகாது’ என்று எழுதினாள். மிச்சத்தைக் கழிவுக்கான சிவப்புப் பையில் போட்டாள். திங்கட்கிழமை இன்பசேகரன் அந்தப் பக்கத்தில் கையெழுத்துப் போட்டார். பத்துப் பதினைந்து குழாய்களுக்கு ஒன்று உறைந்துபோவது சகஜம். அவர் கேட்கவில்லை.

தங்கைக்கு அந்த இடமே அமைந்தது. ஹம்சவேணி அந்த வெள்ளிக்கிழமையை மறந்துபோனாள்.

அக்டோபர் கடைசியில் குழந்தைகள் வார்டிலிருந்து அவசரம் என்று எழுதி ஓர் இரத்த மாதிரி வந்தது. நான்கு மாதப் பெண் குழந்தை. தாய் கனகா, தகப்பன் நல்லகாமன், உசிலம்பட்டிக்கு மேற்கே ஒரு ஊர். வாய் முழுக்க வெள்ளை படர்ந்து, விடாத வயிற்றுப்போக்கு, நெஞ்சுச் சளி. இடது கையில் காசநோய்த் தடுப்பூசி போட்ட இடம் புண்ணாகி, அக்குளில் கட்டி. எதிர்ப்பு சக்தியே இல்லாமல் இருக்குமோ என்று குழந்தை மருத்துவர் சந்தேகப்பட்டிருந்தார்.

ஹம்சவேணி தானே செய்தாள். கலவை இட்டதும் குழாயில் ஒரு குறி, எழுதியதும் ஒரு குறி என்று இரண்டு தடவை சரிபார்த்தாள். திரையில் டி செல் இருக்க வேண்டிய இடம் வெறுமையாக இருந்தது. பி செல்கள் இருந்தன. இதே படத்தை முன்பு பார்த்திருக்கிறோம் என்பது அவளுக்கு உடனே தெரிந்துவிட்டது.

முடிவை எழுதி முதலில் வார்டுக்கு அனுப்பினாள். பிறகு ஜெனிஷாவுக்குப் போன் போட்டு, கனகா என்ற பெயரில் யாராவது ஆய்வில் இருந்தார்களா என்று கேட்டாள். நூற்றுப் பதினேழு என்றாள் ஜெனிஷா.

இயந்திரம் ஓட்டியதையெல்லாம் தானாகவே சேமித்துவைக்கும். ஜூன் மாதக் கோப்பைத் திறந்தாள். டி செல்களின் இடம் காலி. அவள் அன்றைக்குப் பார்க்காத இடம் ஒன்று இருந்தது. மோனோசைட் என்று இன்னொரு வகை வெள்ளை அணு உண்டு. அதன் மேலும் சிடி4 அடையாளம் கொஞ்சம் இருக்கும், மங்கலாக ஒளிரும். டி செல் தேடுகிறவர்கள் அந்தப் பக்கம் போவதில்லை. அவள் இப்போது அந்தக் கூட்டத்தைத் தனியாகப் பிரித்துப் பார்த்தாள். மங்கலாக ஒளிர்ந்தது. கலவை இல்லாத குழாயில் அந்த ஒளி வரவே வராது.

அவள் கலவை போட மறக்கவில்லை. அன்றைக்குக் கை சரியாகத்தான் வேலை செய்திருக்கிறது. செய்யாத தப்பை மறைப்பதற்காக ஒரு பொய்யை எழுதியிருக்கிறாள்; அந்தப் பொய்க்குக் கீழே ஒரு குழந்தையின் நோய் நான்கு மாதம் கிடந்திருக்கிறது.

பிறப்புப் பதிவை எடுத்துப் பார்த்தாள். அந்த மருத்துவமனையில் காசநோய்த் தடுப்பூசியைத் திங்கட்கிழமைகளில்தான் போடுவார்கள். ஒரு குப்பியைத் திறந்தால் பல குழந்தைகளுக்குப் போட வேண்டும் என்பதால் அப்படி ஒரு வழக்கம். ஊசியில் இருப்பது வீரியம் குறைந்த உயிர்க் கிருமி. மற்ற குழந்தைகளுக்குப் பாதுகாப்பு. டி செல் இல்லாத குழந்தைக்கு அதுவே நோய். கனகாவின் குழந்தைக்குத் திங்கட்கிழமை காலை பத்தரைக்குப் போட்டிருந்தார்கள். வெள்ளிக்கிழமை மாலைக்கும் அதற்கும் நடுவில் இரண்டு நாள் முழுசாக இருந்திருக்கிறது.

மறுநாள் இன்பசேகரன் ஆய்வகத்துக்கே வந்து, இரண்டு மணி நேரத்தில் முடிவு கொடுத்ததற்காக அவளைப் பாராட்டினார். வெளியூருக்கு அனுப்பியிருந்தால் வாரக்கணக்கில் ஆகியிருக்கும் என்றார். எலும்பு மஜ்ஜை மாற்றினால் பிழைக்க வழியுண்டு, சென்னையில் பேசியிருக்கிறேன், ஆறு வயதில் ஒரு அக்கா இருக்கிறாள், அவளுடையது பொருந்தலாம் என்றார். ஹம்சவேணி தலையாட்டினாள். அன்று சாப்பாட்டுப் பாத்திரத்தைத் திறக்காமலே வீட்டுக்குக் கொண்டுபோனாள். சொல்ல வேண்டும் என்று மூன்று நாள் தினமும் நினைத்தாள். மூன்று நாளும் இன்பசேகரனின் அறை வாசல் வரை போய், வேறு எதையாவது கேட்டுவிட்டுத் திரும்பினாள்.

நான்காம் நாள் பொருத்தம் பார்க்க இரத்தம் எடுக்கும்போது ஜெனிஷா அவளையும் வார்டுக்குக் கூப்பிட்டாள். சோதனையைப் பற்றி நீ சொன்னால் அந்தப் பெண்ணுக்குப் புரியும் என்றாள்.

கனகாவுக்கு இருபத்தாறு வயது இருக்கும். கண்ணாடித் தடுப்புக்குள் தனி அறையில் குழந்தையை மடியில் வைத்திருந்தாள். நல்லகாமன் பால் வண்டி ஓட்டுபவன், அன்று வேலைக்குப் போயிருந்தான். டி செல் என்றால் என்ன, அது ஏன் இல்லை என்று ஹம்சவேணி சொன்னதையெல்லாம் கனகா கேட்டுக்கொண்டாள். கேட்டு முடித்ததும், அதெல்லாம் சரி, ஆனால் ஆரம்பித்தது தன்னால்தான் என்றாள். ஊசி போட்ட இடம் ஒன்றரை மாதத்தில் வீங்கியபோது மஞ்சளும் சுண்ணாம்பும் குழைத்துப் பத்துப் போட்டாளாம். அதற்குப் பிறகுதான் புண் பெருகியது. ஊரில் நர்ஸம்மாவும் திட்டினார்கள், மாமியாரும் திட்டினார். மூத்தவளுக்கு அடுத்துப் பிறந்த பையன் ஐந்தாம் மாதம் சளியில் போனபோதும், பச்சத் தண்ணியில குளிப்பாட்டி பிள்ளையைக் கொன்னுட்டா என்றுதான் வீட்டில் பேச்சு. இப்போது இதையும் அவள் கணக்கில்தான் எழுதுகிறார்கள்.

“நான் தொடாம விட்டிருந்தா இம்புட்டுக்கு வந்திருக்காதுல்லக்கா?” என்று கேட்டாள்.

ஜெனிஷா ஏதோ ஆறுதல் சொன்னாள். ஹம்சவேணி ‘இல்லை’ என்ற ஒரு சொல்லை மட்டும் சொல்லியிருக்கலாம். அதைச் சொன்னால் மிச்சத்தையும் சொல்ல வேண்டிவரும் என்று பயந்தாள். இரத்தக் குழாய்களை வாங்கிக்கொண்டு படியேறினாள். இரண்டாவது மாடித் திருப்பத்தில் நின்று அழுதாள். அங்கிருந்து நேராக இன்பசேகரனின் அறைக்குப் போய், உட்காராமலே எல்லாவற்றையும் சொன்னாள்.

அவர் ஜூன் மாதக் கோப்பைத் திறந்து காட்டச் சொன்னார். மோனோசைட்டுகளின் மங்கல் ஒளியை நீண்ட நேரம் பார்த்தார். பதிவேட்டைக் கொண்டுவரச் சொல்லி, அந்தப் பக்கத்தில் இருந்த தன் கையெழுத்தையும் பார்த்தார். ஆய்வைக் கண்காணிக்கும் நெறிமுறைக் குழுவுக்கு இன்றைக்கே எழுதுகிறேன், நீங்களும் எழுதிக் கொடுங்கள் என்றார். பெற்றோரிடம் நான் போய்ச் சொல்கிறேன் என்று அவள் சொன்னதும்தான் நிமிர்ந்தார்.

“இப்பச் சொன்னா அவங்க நம்ம மேல இருக்கிற நம்பிக்கையும் போயிரும். நாளன்னைக்குச் சென்னைக்குப் போகணும் அவங்க. நீங்க சொல்ல நெனைக்கிறது அவங்களுக்காகவா, உங்க மனசு லேசாகுறதுக்காகவா?”

அவளுக்கு இரண்டுக்கும்தான் என்று தோன்றியது. ஆனால் கனகா பத்துப் போட்ட கதையை அவரிடம் சொன்னாள். தன் பொய்யால் அந்தப் பெண் தலையில் ஒரு பழி உட்கார்ந்திருக்கிறது, அந்தச் சுமையோடு அவளைச் சென்னைக்கு அனுப்ப முடியாது என்றாள். இன்பசேகரன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நானும் வாரேன் என்றார்.

சாயங்காலம் நல்லகாமனும் வந்திருந்தான். இன்பசேகரன் ஆரம்பிக்கப் பார்த்தார். ஹம்சவேணி நானே சொல்கிறேன் என்று சொன்னாள். பிறந்த அன்று எடுத்த இரத்தத்திலேயே தெரிந்தது, தன் தப்பு என்று நினைத்துத் தான் மறைத்துவிட்டதாகச் சொன்னாள். மறைக்காமல் இருந்திருந்தால் அந்த ஊசியைப் போட்டிருக்க மாட்டார்கள், குழந்தையை அப்போதே தனியாக வைத்து மருத்துவம் தொடங்கியிருப்பார்கள் என்றாள். சுற்றி வளைக்காமல் சொல்ல வேண்டும் என்று மாடியில் நின்று யோசித்துவைத்திருந்தாள். அப்படியே சொன்னாள்.

நல்லகாமன் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றான். கனகா முதலில் கேட்டது ஒன்றுதான்.

“அப்ப நான் போட்ட பத்தால வரலையா?”

“இல்லங்க. நீங்க தொடாமலே விட்டிருந்தாலும் அந்தப் புண்ணு வந்திருக்கும்.”

கனகா குழந்தையின் கையைப் பார்த்தாள். நல்லகாமன்தான் திரும்பி, உங்க பேரென்ன என்று கேட்டான். சொன்னாள். முழுப் பேரையும் சொல்லச் சொன்னான். பிறகு இன்பசேகரனிடம், நீங்க ரெண்டு பேரும் வெளிய போங்க சார் என்றான்.

அடுத்த வாரம் குழு கூடியது. ஹம்சவேணியை மூன்று மாதம் சோதனை மேசையிலிருந்து விலக்கினார்கள். உறைந்தது என்று அவள் எழுதியிருந்த மற்ற பதினோரு குழாய்களின் மீதும் சந்தேகம் வந்தது. அவையெல்லாம் நிஜமாகவே உறைந்தவை என்று அவள் சொன்னதை யாரும் நம்பவில்லை. நம்ப வேண்டும் என்று கேட்கும் உரிமை தனக்கில்லை என்பதும் அவளுக்குத் தெரிந்தது. அந்தப் பதினோரு குழந்தைகளுக்கும் திரும்ப இரத்தம் எடுக்க முடிவானது. ஜெனிஷாவோடு பஸ்ஸில் ஊர் ஊராகப் போனாள். பரவையில் காய்கறி மார்க்கெட்டுக்குப் பின்னால் ஒரு வீட்டில், நல்லாயிருக்கிற பிள்ளைக்கு எதற்கு மறுபடி ஊசி என்று தாய் சண்டைக்கு வந்தாள். முன்பு எடுத்ததில் எங்களால் ஒரு தவறு நடந்திருக்கலாம் என்று ஹம்சவேணி ஒவ்வொரு வாசலிலும் சொன்னாள். அந்த வாக்கியம் பழகிப்போகவேயில்லை. பதினோரு குழந்தைகளும் நன்றாக இருந்தன. அந்தச் செய்தி வந்த அன்று ஜெனிஷா அவள் தோளைத் தொட்டு, “விடு ஹம்சா, மத்ததாவது தப்பிச்சுச்சே” என்றாள். அவளுக்குச் சந்தோஷம் வரவில்லை. அந்தப் பதினொன்றுக்கும் தப்பிக்க வேண்டிய ஆபத்தே இருக்கவில்லை.

சென்னையில் அக்காவின் மஜ்ஜை பொருந்தியது. ஆனால் ஊசிக் கிருமி அதற்குள் நுரையீரல், ஈரல் எல்லாம் பரவியிருந்தது. அதைக் கொஞ்சம் அடக்கிவிட்டுத்தான் மாற்ற முடியும் என்று காத்திருந்தார்கள். டிசம்பர் நடுவில் மாற்றினார்கள். இன்பசேகரன் அவ்வப்போது விசாரித்து வந்து சொல்வார். புது செல்கள் தலைகாட்டத் தொடங்கிவிட்டன என்று ஒருநாள் சொன்னார். அதற்கு நாலாம் நாள் காலையில் ஹம்சவேணிக்குத் தெரியாத எண்ணிலிருந்து போன் வந்தது. நல்லகாமன்.

“பிள்ள போயிருச்சு. கனகா உங்ககிட்டச் சொல்லச் சொன்னா.”

அவள் என்னென்னவோ சொல்ல முயன்றாள். அவன் கேட்டுக்கொண்டிருந்தானா என்று தெரியவில்லை. கடைசியில், ஊருக்கு வந்து சேர்ந்ததும் ஒருநாள் கூப்பிடுவோம், நீங்க சொன்னதையெல்லாம் தமிழில் எழுதி எடுத்துக்கொண்டு வர வேண்டும், இது கனகா கேட்டது என்றான்.

பொங்கல் கழிந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை கூப்பிட்டார்கள். ஜெனிஷா கூட வருகிறேன் என்றாள். வேண்டாம் என்று தனியாகவே ஆரப்பாளையத்தில் பஸ் ஏறி உசிலம்பட்டியில் இறங்கி, அங்கிருந்து டவுன் பஸ்ஸில் போனாள். கனகாவின் வீடு ஊருக்குள் நுழைந்ததும் இரண்டாவது தெருவில். முற்றத்தில் பிளாஸ்டிக் நாற்காலிகள் போட்டிருந்தார்கள். மாமியார், நல்லகாமனின் சித்தப்பா கண்ணுச்சாமி, பக்கத்து வீட்டுப் பெண்கள் நாலைந்து பேர். கனகா கதவு நிலையில் சாய்ந்து நின்றாள். முன்பு பார்த்ததைவிடப் பாதியாக இளைத்திருந்தாள்.

நல்லகாமன் வாசிக்கச் சொன்னான். ஹம்சவேணி நின்றபடியே இரண்டு பக்கத்தையும் வாசித்தாள். குழந்தை பிறக்கும்போதே டி செல்கள் இல்லை. தாயிடமும் தகப்பனிடமும் மறைவாக இருந்த ஒரு குறை, சொந்தத்துக்குள் கட்டியதால் இரண்டும் சேர்ந்து குழந்தைக்கு வந்தது. தாய் செய்த எதனாலும் வரவில்லை. பிறந்த அன்றே சோதனையில் தெரிந்ததை, இன்னார் மகள் ஹம்சவேணியாகிய நான் மறைத்தேன். அந்த வரியை வாசிக்கும்போது குரல் உடைந்தது. யாரும் தண்ணீர் கொடுக்கவில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டு முடித்தாள்.

கண்ணுச்சாமி, இப்படிக் கெடுத்துப்போட்டு வந்து படிக்கவும் செய்யிறாளே என்று சத்தம் போட்டார். நல்லகாமன் அவரை அமர்த்தினான். மாமியார் அதுவரை தரையைப் பார்த்துக்கொண்டிருந்தவர், மெதுவாகத் தலையைத் தூக்கினார்.

“அப்ப அந்தப் பயலுக்கும் இதுதானா?”

ஐந்தாம் மாதம் போன அந்தப் பையனின் இரத்தத்தைத் தான் பார்த்ததில்லை, ஆனால் பெரும்பாலும் இதே நோயாகத்தான் இருக்கும் என்றாள் ஹம்சவேணி. தண்ணீரில் குளிப்பாட்டியதால் வருவது அல்ல என்றும் சொன்னாள். மாமியார் மருமகளைப் பார்க்காமல் எழுந்து பின்கட்டுக்குப் போய்விட்டார். அங்கே அவர் அழுவது கேட்டது. பக்கத்து வீட்டுப் பெண்கள் ஒவ்வொருவராக எழுந்தார்கள்.

கனகா வந்து அந்தக் காகிதத்தை வாங்கிக்கொண்டாள்.

“நாலஞ்சு வருசமா என்னையச் சொன்னாங்கக்கா. நானே நம்பிட்டேன்” என்றாள். காகிதத்தை மடித்துக்கொண்டே கேட்டாள், “நீங்க அன்னைக்கே சொல்லியிருந்தா எம்பிள்ள இருந்திருக்குமா?”

வரும் வழியெல்லாம் ஹம்சவேணி இந்தக் கேள்வியை நினைத்துக்கொண்டுதான் வந்தாள். உறுதியாகச் சொல்ல முடியாது என்று ஒரு பதில் இருந்தது. மருத்துவர்கள் அப்படித்தான் சொல்வார்கள், அது பொய்யும் இல்லை.

“பெரும்பாலும் இருந்திருக்கும்” என்றாள் ஹம்சவேணி.

கனகா தலையாட்டினாள். அடுத்துப் பிள்ளை உண்டானால் முன்கூட்டியே பார்க்க வழியிருக்கிறது, டாக்டர் வரச் சொல்லியிருக்கிறார் என்று ஹம்சவேணி சொன்னதையும் கேட்டுக்கொண்டாள். வருவோம் என்றாள். பிறகு, “ஆனா நீங்க அங்க நிக்காதீங்கக்கா. உங்களப் பாத்தா எனக்கு அந்த நெனப்புத்தான் வரும்” என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. ஒரு ஏற்பாட்டைச் சொல்வது போலச் சொன்னாள்.

துக்க வீட்டில் போய்வருகிறேன் என்று சொல்லிக்கொண்டு கிளம்பக் கூடாது. ஹம்சவேணி ஒன்றும் சொல்லாமல் தெருவில் இறங்கினாள். பஸ்ஸுக்கு இன்னும் முக்கால் மணி நேரம் இருந்தது. வெயிலில் நின்றுகொண்டிருந்தபோது நல்லகாமன் டூவீலரில் வந்து பக்கத்தில் நிறுத்தினான். ஏறுங்க, உசிலம்பட்டியில விட்டுர்றேன் என்றான். பஸ் ஸ்டாண்டில் இறக்கிவிட்டதும் அவள் முகத்தைப் பார்க்காமலே வண்டியைத் திருப்பிக்கொண்டு போனான்.

பிப்ரவரியில் அவளை மறுபடி சோதனை மேசைக்கு அனுமதித்தார்கள். உறைந்தது என்று யார் எழுதினாலும் இன்னொருவர் குழாயைக் கண்ணால் பார்த்துக் கையெழுத்திட வேண்டும் என்று புது விதி வந்திருந்தது. முதல் நாள் அவள் ஒன்பது குழாய்கள் செய்தாள். ஒன்பதிலும் டி செல்கள் கூட்டமாக ஒளிர்ந்தன. ஒவ்வொன்றிலும் மோனோசைட்டுகளின் மங்கலான ஒளியையும் தனியாகப் பிரித்துப் பார்த்துவிட்டுத்தான் அடுத்ததை எடுத்தாள். அதில் நேரமாகி ஐந்து மணி வேன் போய்விட்டது. ஒத்தக்கடை வரை நடந்து போய் டவுன் பஸ் பிடித்தாள்.